காலையில் ஜீப்பை இடம் மாற்றுவது

வெள்ளவத்தையில் நாங்கள் இருந்த ஒழுங்கை காலி வீதியில் தொடங்கித் தண்டவாளத்தில் முடியும். தண்டவாளத்துக்கு அப்பால் கடல். வாகனத்தோடு உள்ளே வந்தவர் வந்த வழியாலேயே திரும்ப வேண்டும், வேறு வழி கிடையாது. அந்த ஒரு வழியின் வாயிலிலும் மண்மூட்டை அடுக்கிய காவலரண் ஒன்று இருந்தது. எங்கள் வீடு ஒழுங்கையின் நடுவில், இரண்டாம் மாடியில். கீழே மதிலோரமாக எங்கள் ஜீப் நின்றது.

அது என் கணவருடைய ஜீப். பழைய ஜப்பான் வண்டி, டீசலில் ஓடுவது. யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையே ஆட்களை ஏற்றி இறக்கி ஓடி ஓடி, அதன் மைல் மீட்டர் எல்லாம் ஒன்பதாக வந்து, பிறகு எல்லாம் பூச்சியமாகி, மறுபடியும் கொஞ்சத் தூரம் எண்ணிவிட்டு ஒருநாள் நின்றுபோனது. "அதுக்கே எண்ணி அலுத்துப்போச்சு" என்று அவர் சிரித்தார். சண்டையில் யாழ்ப்பாணப் பாதை மூடுவதற்கு முன் கடைசியாக எங்களை ஏற்றிக்கொண்டு வந்தவர், கொழும்புக்கு வந்த இரண்டாம் வருடம் நெஞ்சுவலியில் போய்விட்டார். ஜீப் நின்றது. வண்டியின் பதிவுப் புத்தகம் அவருடைய பெயரில் இருந்தது. அதை மாற்றுவதற்கு வேண்டிய பத்திரங்கள் எல்லாம் மூடிய பாதைக்கு அந்தப் பக்கத்தில் இருந்தன. விற்க முடியாது. தூக்கி எறியவும் முடியாது.

வாசல் படலைக்குள் விட இடமில்லை. அதனால் ஒழுங்கையில்தான் நிற்க வேண்டும். நகரத்தில் எங்கோ ஒரு குண்டு வெடித்த பிறகு காவலரணிலிருந்து வந்து வீடு வீடாகச் சொன்னார்கள். ஒரே இடத்தில் அசையாமல் நிற்கிற வாகனம் சந்தேகமான வாகனம். அப்படி நின்றால் இழுத்துக்கொண்டு போவார்கள். சொந்தக்காரரின் வீட்டுக்குள்ளும் வந்து இருக்கிற எல்லோரையும் பார்ப்பார்கள். தினமும் ஸ்டார்ட் பண்ணி ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கத்துக்கு மாற்றி விட்டால் பிரச்சினை இல்லையாம். வாகனத்துக்கு ஆள் இருக்கிறது என்று தெரியுமாம்.

வீட்டுக்குள் வந்து எல்லோரையும் பார்ப்பார்கள் என்ற அந்தப் பேச்சுத்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், மகள், மருமகன். மருமகனை ஒரு சுற்றிவளைப்பில் கொண்டுபோய்ப் பல நாள் வைத்திருந்து, ஒன்றும் இல்லை என்று விட்டார்கள். திரும்பி வந்தவருக்கு இடது காது சரியாகக் கேட்கவில்லை. அவர் அதைப்பற்றிக் கதைக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கொழும்பில் தங்குகிற தமிழர் எடுக்க வேண்டிய பொலிஸ் பதிவு முடிந்தபோது புதுப்பிக்கப் போகவும் இல்லை. போனால் அங்கேயே வைத்துக்கொள்வார்கள் என்று பயம். பதிவில்லாதவர் வெளியில் இறங்கினாலும் பிடிப்பார்கள். ஆகவே புறக்கோட்டையில் ஒரு கடையில் பார்த்துவந்த கணக்கு வேலையையும் விட்டுவிட்டு வீட்டுக்குள் இருந்தார். கிழமைகள் போய் மாதங்கள் ஆயின. சாரமும் பெனியனுமாக யன்னல் சீலைக்குப் பின்னால் நின்று கடலைப் பார்ப்பார். இரண்டாவது தடவை பிடித்தால் திரும்பி வரமாட்டார் என்று மகள் ஒருநாள் குசினிக்குள் என் தோளில் முகத்தை வைத்துச் சொன்னாள். அதற்குப் பிறகு எனக்கு வேறு யோசனை இல்லை. அந்த ஜீப் தினமும் அசைய வேண்டும். எங்கள் படியில் ஆமிச் சப்பாத்துச் சத்தம் கேட்கக் கூடாது.

மகள் விடியவே ரயிலுக்குப் போய்விடுவாள். ஒரேயொரு நாள் அவள் ஜீப்பை எடுத்துப் பார்த்து மதிலில் கொண்டுபோய்ச் சாத்தினாள். "ஒப்பீசுக்குப் போற நேரத்திலை உந்தக் கிழட்டு வண்டியோடை என்னாலை ஏலாதம்மா" என்று திறப்பைக் கொண்டுவந்து அலுமாரியில் வைத்தாள். மிச்சம் நான்தான்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் மாமி மருமகனுக்கு முன்னால் நின்று கதைப்பதில்லை. என் தாயார் என் கணவரோடு சாகும்வரை ஒரு சொல் நேரே பேசவில்லை, ஆனால் அவருக்கு எந்தக் கறி பிடிக்கும் என்று அவருக்கே தெரியாததெல்லாம் தெரிந்து வைத்திருந்தார். நானும் அப்படித்தான். கொழும்பில் இரண்டு அறையும் ஒரு குசினியும் உள்ள வீட்டில் அதைக் காப்பாற்றுவது லேசான காரியம் இல்லை, ஆனால் காப்பாற்றினேன். மகள் இருக்கும்போது மகளிடம் சொல்வேன். அவள் இல்லாதபோது சாப்பாடு ஆறிவிட்டால் கோப்பையில் கரண்டியால் ஒரு தட்டு. அவர் வருவார், நான் குசினிச் சீலைக்கு இந்தப் பக்கம் வந்துவிடுவேன். அவர் ஏதும் சொல்ல வேண்டுமென்றால் யன்னலைப் பார்த்துச் சொல்வார். நான் அடுப்பில் கொதிக்கிற கேத்திலைப் பார்த்துச் சொல்வேன்.

ஜீப்பை அசைக்கிற வேலையை நாங்கள் இப்படித்தான் தொடங்கினோம்.

"மூண்டு பெடல் இருக்கு" என்று அவர் யன்னலுக்குச் சொன்னார். "இடப்பக்கம் உள்ளதை முழுக்க மிதிச்சுக்கொண்டுதான் கியர் போட வேணும்."

"அதெல்லாம் இருவது வருசம் பக்கத்திலை இருந்து பாத்ததுதானே" என்று நான் கேத்திலுக்குச் சொன்னேன்.

பக்கத்தில் இருந்து பார்ப்பது வேறு என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. ஊரில் என் கணவர் கிணற்றடியில் குளிக்கும்போது நான் ஏறித் திறப்பைத் திருப்பி எஞ்சினைச் சூடாக்கி வைப்பதுண்டு. அதற்குமேல் ஒன்றும் செய்ததில்லை. முதல் நாள் முன் ரயர் மதிலோரக் கழிவுநீர்க் கானுக்குள் இறங்கிவிட்டது. காவலரணில் நின்ற பொலிஸ்காரப் பெடியன்தான் ஓடிவந்து இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டுத் தூக்கிவிட்டான். என்னிடம் லைசன்ஸ் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. மடிப்புக் கலையாத சீலையும் நெற்றியில் திருநீறுமாக ஒரு வயது போன மனுசி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தால் கேட்க வாய் வராது போலும். நானும் கீழே இறங்கும்போது ஒருநாளும் வீட்டுச் சீலையோடு இறங்கவில்லை.

கீழ்வீட்டில் வீட்டுக்காரி இருந்தா. அவவுக்குக் காலையில் நான்தான் விளையாட்டு. "என்ன மாமி, இண்டைக்கு எந்த ஊர்? கதிர்காமமோ?" என்று படியில் தேத்தண்ணியோடு நின்று கேட்பா. அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு ஜீப் வந்து நின்றதும், "ஆ, வந்து சேந்தாச்சு. வழியிலை சாப்பாடு கிடைச்சுதோ?" என்பா. நான் திறப்பைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு மேலே ஏறுவேன்.

பழைய வண்டி ஒன்று ஓடும்போது கெடுவதைவிட நிற்கும்போதுதான் கூடக் கெடும். அதுவும் கடற்காற்றில். முதலில் பற்றரி. திறப்பைத் திருப்பினால் டக் என்ற ஒரு சத்தம் மட்டும் வந்தது. என் கணவரின் சாமான்களுக்குள் ஜீப்போடு வந்த இங்கிலிஷ் புத்தகம் கிடந்தது. மருமகன் அதை எடுத்துப் படித்தார். அவர் முன்பு கிளறிக்கல் சேர்விஸ் சோதனை எழுதிக் கந்தோரில் வேலை பார்த்தவர், இங்கிலிஷ் நன்றாகத் தெரியும், ஆனால் வாகனத்தை ஓட்டத் தெரியுமே தவிர எஞ்சினைப்பற்றி ஒன்றும் தெரியாது. எனக்குச் சத்தம் தெரியும், இங்கிலிஷ் தெரியாது. தமிழும் எழுத்துக் கூட்டித்தான். அதனால் அவர் புத்தகத்தில் உள்ள படத்தைப் பார்த்து ஒரு தாளில் பெரிதாகக் கீறி, எங்கே பார்க்க வேண்டும், எதைக் கழற்ற வேண்டும் என்று சிவப்புப் பென்சிலால் அம்புக்குறி போட்டுத் தருவார். நான் கீழே நிற்கும்போது தேவைப்பட்டால் பாண்காரனுக்கு இறக்குகிற பைக்குள் அதைப் போட்டுக் கயிற்றில் இறக்குவார். ஸ்பனர், குறடு, பழந்துணி எல்லாம் அதிலேதான் வரும். யன்னலுக்குக் கீழே, ஒழுங்கைப் பக்கம் சரிந்தபடி, ஒரு ஜம்பு மரம் நின்றது. அதனால் பை இறங்குவதை ஒழுங்கையில் போகிறவர்கள் கவனிப்பதில்லை. குரல் மட்டும் கொடுக்கக் கூடாது. அந்த வீட்டில் ஆம்பிளைக் குரல் கேட்கக் கூடாது.

பற்றரியின் இரண்டு முனையிலும் உப்புப் பூத்ததுபோல வெள்ளையும் பச்சையுமாகத் தூள் படிந்திருந்தது. கொதிநீர் ஊற்றிக் கழுவி, காயவிட்டு, கிறீஸ் பூசினேன். எஞ்சின் பிடித்தது. அடுத்தது காலைக் குளிரில் ஹீட்டர் பிளக் சூடாகாமல் வெள்ளைப் புகையாகக் கக்கியது. பிறகு விசிறிப் பெல்ட் தேய்ந்து, பொறியில் அகப்பட்ட எலிபோலக் கிரீச்சிட்டது. ஒவ்வொன்றையும் நான் மேலே வந்து சொல்ல வேண்டும். அவருக்குக் காது சரியில்லை, அத்தோடு மாடியிலிருந்து நுணுக்கமாகக் கேட்காது. நான் கேத்திலுக்கு முன்னால் நின்று, "திறப்பைத் திருப்பக்கை கிர்ர்… கிர்ர்… பிறகு ஒரு டுக். பிடிக்குது. பிடிச்சாப்பிறகு ஒரு மாதிரி ங்ங்ங் எண்டு இழுக்குது" என்று அந்தச் சத்தத்தைச் செய்து காட்டுவேன். அவர் யன்னல் பக்கம் பார்த்தபடியே நல்ல காதைக் குசினிப் பக்கம் திருப்பி வைத்திருப்பார். ஒரு தடவை அவருடைய தோள் குலுங்கியதைச் சீலை இடுக்கால் கண்டேன். சிரிக்கிறார். சுற்றிவளைப்புக்குப் பிறகு அவர் சிரித்து நான் கண்டது அதுதான். நான் காணாத மாதிரி இருந்துவிட்டேன்.

றேடியேற்றரில் ஒழுக்கு வந்தபோது மட்டும் நான் புத்தகத்தைக் கேட்கவில்லை. என் கணவர் வழியில் செய்வதைப் பார்த்திருக்கிறேன். நாலு கரண்டி மஞ்சள்தூளைத் தண்ணீரில் கரைத்து உள்ளே ஊற்றி எஞ்சினை ஓடவிட்டேன். மஞ்சள் போய் ஓட்டையில் அடைத்துக்கொண்டது. "புத்தகத்திலை அப்பிடி இல்லை" என்று யன்னலுக்குச் சொல்லப்பட்டது. "புத்தகம் எழுதினவன் வன்னிக்காட்டுக்கை நிண்டிருக்கமாட்டான்" என்று கேத்திலுக்குச் சொல்லப்பட்டது. அதற்குப் பிறகு எஞ்சின் சூடானால் ஒழுங்கை முழுக்கக் கறிவாசம். பொலிஸ்காரப் பெடியன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து, "அம்மே, என்ன கறி?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டுச் சிரித்தான்.

இப்படியே போயிருக்கலாம். ஆனால் மழைக்காலம் முடியும்போது ஜீப்புக்கு நோய்போல ஒரு புது வருத்தம் வந்தது, அதுதான் எங்களை மாட்டிவிட்டது. ஜீப் ஸ்டார்ட் ஆகும், கொஞ்ச நேரம் நன்றாக ஓடும், பிறகு மூச்சுத் திணறினதுபோல இரண்டு மூன்று தடவை இழுத்துவிட்டுச் செத்துவிடும். பொனற்றுக்குள் டீசல் பில்டருக்கு மேலே கையால் அமத்துகிற ஒரு பம்ப் உண்டு. அது கல்லுப்போல இருந்தால் டீசல் வருகிறது, பஞ்சுபோல இருந்தால் உள்ளே காற்றுப் போயிருக்கிறது. பஞ்சுபோலத்தான் இருந்தது. கை நோக நோக அமத்தினால் கல்லாகும், திரும்ப ஸ்டார்ட் ஆகும், திரும்பச் சாகும்.

"பில்டர் அடைச்சிருக்க வேணும்" என்றார் யன்னலுக்கு. மகள் சனிக்கிழமை புதுப் பில்டர் வாங்கி வந்தாள். மாற்றினேன். அதே கதை.

"காத்து எங்கையோ போகுது" என்றேன் கேத்திலுக்கு.

"காத்துப் போற இடத்தாலை டீசல் ஒழுகத்தானே வேணும்? ஒழுக்கு இருக்கோ?"

ஒழுக்கு இல்லை. நான் குனிந்து பார்த்தேன், தாளை விரித்துப் போட்டுப் பார்த்தேன், ஒரு சொட்டு இல்லை. காற்று எந்த வழியால் உள்ளே போகிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் பிடிபடவில்லை. எங்களுக்குக் கிட்டப் பாமன்கடையில் ஒரு கராஜ் இருந்தது. என் கணவர் முன்பு அங்கேதான் வேலை கொடுப்பார். கராஜை நடத்துகிற மெக்கானிக் பாஸ் நல்ல மனுசன். ஆனால் குண்டு வெடித்த பிறகு எங்கள் ஒழுங்கைக்குள் வந்து வேலை செய்ய அவருக்கு மனமில்லை. கொண்டுவந்து தாருங்கள் என்றார். ஒழுங்கையைத் தாண்டாத வண்டியை நான் எப்படிப் பாமன்கடைக்குக் கொண்டுபோவது? காலையில் பம்பை அமத்தி, அது சாவதற்குள் அடுத்த பக்கத்தில் சேர்த்துவிட்டு, படி ஏறுவதாக ஆகிவிட்டது. இரவில் படுத்தால் எனக்குள்ளேயே அந்த எஞ்சின் இழுத்து இழுத்துச் சாகும். மருமகனும் தூங்குவதில்லை என்று மகள் சொன்னாள்.

அப்படியிருக்க ஒருநாள் காலையில், மகள் போய்ச் சற்று நேரத்தில், ஒழுங்கைக்குள் ட்றக் ஒன்று வந்து ஆமிக்காரர்கள் இறங்கினார்கள். கடற்கரைப் பக்கத்துக் கடைசி வீட்டில் கலியாணம். அதற்குப் பெரிய ஆள் ஒருவர் வருகிறாராம். ஒழுங்கையில் ஒரு வாகனமும் நிற்கக் கூடாது. பொலிஸ்காரப் பெடியன் எங்கள் கதவைத் தட்டவில்லை, நல்ல காலம். கீழேயிருந்து கூப்பிட்டான். "அம்மே! ஜீப் எக அய்ன் கரண்ட! முழுக்க வெளியே. மெயின் ரோட்!"

நான் சீலை மாற்றிக்கொண்டு இறங்கினேன். பம்பை அமத்தினேன். திறப்பைத் திருப்பினேன். பிடித்தது. மதிலை விட்டு எடுத்து, ஒழுங்கையில் நேராக்குவதற்குத் திருப்பும்போது, நடுவழியில், குறுக்காக, இழுத்து இழுத்துச் செத்துவிட்டது. முன்பக்கம் ஒரு மதிலுக்கு, பின்பக்கம் மற்ற மதிலுக்கு. ஒரு சைக்கிள்கூடப் போக இடமில்லை.

மீசை வைத்த அதிகாரி ஒருவர் வந்தார். கையில் வோக்கி டோக்கி. எனக்கு விளங்காத வேகத்தில் சிங்களத்தில் கத்தினார். நான் இறங்கிப் பொனற்றைத் தூக்கிப் பம்பை அமத்தினேன். அது பஞ்சாகவே இருந்தது. அவர் எனக்குப் பின்னால் ஜம்பு மரத்தடியில் வந்து நின்றார்.

அப்போது பை இறங்கியது.

மருமகனுக்கு மேலேயிருந்து ஜீப்பும் நானும் தெரியும், மரத்தடியில் நின்றவர் தெரியவில்லை. ஆமிக்காரர்கள் ஒழுங்கைக் கடைசியில் நிற்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார். பை ஆடி ஆடி இறங்கி அதிகாரியின் தொப்பிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அவர் அதைப் பார்த்தார். கயிற்றை மேலே பார்த்தார். கையை விட்டுத் தாளை எடுத்தார்.

தாளில் பைப்புகளும் வட்டங்களும் சிவப்பு அம்புக்குறிகளும். அந்த நாளையில் ஒரு தமிழ் வீட்டிலிருந்து அப்படியொரு தாள் இறங்கி வந்தால் அதை யார் என்னவென்று நினைப்பார்கள்? அவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார், "மே மொக்கத?" இது என்ன என்று கேட்கிறார். நான் அவருடைய கையிலிருந்த தாளில் ஒரு அம்புக்குறியில் விரலை வைத்தேன். பிறகு அதே விரலை எஞ்சினுக்குள் பம்பில் வைத்தேன். அடுத்த அம்புக்குறி, அடுத்த பைப். அவர் தாளையும் எஞ்சினையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு யன்னலைப் பார்த்தார். அங்கே சீலை அசைந்தது.

"உட கவுத?" மேலே யார்?

நான் பதில் சொல்ல முன்னர் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சாரமும் பெனியனுமாக மருமகன் வாசலால் வந்தார். மாதக்கணக்கில் வெயில் படாத உடம்பு, வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கினார். அதிகாரியைப் பார்க்கவில்லை, படியடியில் நின்ற வீட்டுக்காரியைப் பார்க்கவில்லை. நேரே என் முன்னால் வந்து நின்று கையை நீட்டினார்.

"மாமி, திறப்பைத் தாங்கோ."

நான் கொடுத்தேன்.

அவர் பம்பைப் பிடித்து, ஆம்பிளைக் கையின் பலத்தோடு, கல்லாகும்வரை அமத்தினார். ஏறி இருந்தார். பற்றரி அதற்குள் களைத்துவிட்டது, டக் என்ற சத்தம்தான் வந்தது. அதிகாரியின் வோக்கி கரகரத்தது. பெரிய ஆள் புறப்பட்டுவிட்டார் போலும். அதிகாரி சுற்றி நின்றவர்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார். "தல்லு கரபன்! தல்லு கரபன்!"

தள்ளச் சொல்கிறார். ஆறேழு ஆமிக்காரர்கள் துவக்கை முதுகில் மாட்டிக்கொண்டு ஓடிவந்து தோளைக் கொடுத்தார்கள். பொலிஸ்காரப் பெடியனும் பின்னுக்கு நின்று தள்ளினான். எந்த மனுசனைக் காணக் கூடாது என்று நான் மாதக்கணக்காகச் சீலைக்குப் பின்னால் வைத்திருந்தேனோ, அந்த மனுசனை உள்ளே வைத்து அவர்களே தள்ளிக்கொண்டு போனார்கள். ஜீப் நேரானது. கொஞ்சத் தூரம் உருண்டது. பிறகு ஒரு குலுக்கலோடு எஞ்சின் பிடித்து, கரும்புகையைக் கக்கிக்கொண்டு, காவலரணைத் தாண்டி, காலி வீதியில் திரும்பி, கண்ணுக்கு மறைந்துவிட்டது.

மருமகனின் அடையாள அட்டை மேலே அலுமாரியில் இருந்தது.

அதிகாரி தாளை நாலாக மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் போனார்.

நான் மேலே வந்து கதவைப் பூட்டினேன். கயிறு இன்னும் யன்னலில் தொங்கியது, அதை இழுத்து எடுக்கவும் தோன்றவில்லை. அடுப்பில் வைத்தது கரிந்தது. சந்திக்குச் சந்தி சோதனை. சாரத்தோடு, அட்டை இல்லாமல், செத்துப்போன ஒருவருடைய பெயரில் உள்ள வண்டியில், நிறுத்தினால் நின்றுவிடும் எஞ்சினோடு அவர் எங்கே போவார்? மகள் வந்து கேட்டால் நான் என்ன சொல்வேன்? கலியாண வீட்டில் பாட்டுப் போட்டார்கள். பெரிய ஆள் வந்து போனார். வெயில் சரிந்தது.

வீட்டுக்காரி கீழேயிருந்து கூப்பிட்டா. "மாமி! போன் கோல்! பாமன்கடையிலையிருந்து!"

நான் படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. ரிசீவரைக் காதில் வைத்தேன்.

"மாமி, நான்தான்."

போனில் கேத்திலைப் பார்த்துக் கதைக்க முடியாது.

"மாமி, கேக்குதோ? கராஜிலை நிக்கிறன். ஒண்டுமில்லை. வழியிலை நிப்பாட்டினால் நிண்டிடும் எண்டு தெரியும். அதாலை நிப்பாட்டேல்லை. சந்தியிலை கை காட்டினவங்கள். நான் தலையை வெளியாலை நீட்டி 'பிரேக் நே, பிரேக் நே' எண்டு, பிரேக் இல்லையெண்டு, சிங்களத்திலை கத்திக்கொண்டு வந்தன். புகையையும் கண்டிட்டு விலகி ஓடிட்டாங்கள்."

"பிரேக் நல்லாத்தானே இருந்தது!" என்றேன்.

அந்தப் பக்கத்தில் அவர் சிரித்தார். சிரிப்பு நின்ற பிறகு மூச்சுத்தான் கேட்டது.

"சுட்டிருந்தால் என்ன செய்திருப்பியள்?" என்று கேட்டேன். குரல் எனக்கே கோபமாகக் கேட்டது.

"அதை யோசிக்க நேரமில்லை மாமி. அந்த வருத்தத்தைக் கண்டுபிடிச்சிட்டன். கீழை படுத்துப் பாத்தனான். டாங்கிலையிருந்து வாற றப்பர் பைப் ஒரு இடத்திலை வெடிச்சிருக்கு. அந்தப் பைப்பிலை டீசலைத் தள்ளுறேல்லை, உறிஞ்சிறதாம். அதாலை காத்து உள்ளுக்கை போகும், டீசல் வெளியிலை வராது. மேலை நிண்டு எத்தினை வருசம் பாத்தாலும் தெரிஞ்சிருக்காது."

"சாப்பிட்டியளோ?"

"ஓம். பாஸ் சோறு தந்தவர்."

ரிசீவரை வைத்ததும் வீட்டுக்காரி கதவில் சாய்ந்து நின்று என்னைப் பார்த்தா. "ஆரோடை மாமி இவ்வளவு வாய்?" என்றா. "என்ரை மருமகனோடை" என்று சொல்லிவிட்டு மேலே வந்தேன்.

அன்றிரவு அவர் வரவில்லை. சாரத்தோடு அட்டையில்லாமல் திரும்பி வருவது எப்படி? மகள் மறுநாள் அட்டையையும் உடுப்பையும் கொண்டுபோனாள். வரும்போது தனியாகத்தான் வந்தாள். பைப் மாற்றியாகிவிட்டதாம், வண்டி நன்றாக ஓடுகிறதாம், ஆனால் அவர் வரமாட்டாராம்.

"பாஸ் அங்கையே நிக்கச் சொல்லுறாரம்மா. பில் எழுத, சாமான் கணக்குப் பாக்க ஆள் வேணுமாம். பொலிஸ் ஜீப்பெல்லாம் அங்கைதான் திருத்த வருது. கிறீஸ் பூசின பெனியனோடை லாம்பு பிடிச்சுக்கொண்டு நிக்கிறவனிட்டை ஆர் அட்டை கேக்கிறது?" சொல்லிவிட்டு மகள் சிரித்தாள், அழுதாள். "அம்மா, அவருக்கு முகத்திலை கறுப்பு வந்திட்டுது. வெயில் பட்டு."

சில கிழமைகளில் கிருலப்பனையில் ஒரு அறை பார்த்தார்கள். மகளும் அங்கே போனாள். என்னையும் கூப்பிட்டார்கள். ஜீப்பிலேயே வந்து, ஒழுங்கையில் நிறுத்தி, மருமகன் படியேறி வந்து வாசலில் நின்று, "வாங்கோ மாமி, மூண்டு பேருக்கும் இடம் காணும்" என்றார். நான் போகவில்லை. பிடிவாதம் என்று மகள் சொன்னாள். ஒரே அறையில் மருமகனோடு எப்படி இருப்பது என்று நானும் சொல்லிவைத்தேன். அது பாதிதான் உண்மை. பொலிஸின் பழைய பதிவில் அந்த வீட்டில் இன்னும் மூன்று பேர். வீடு வெறிதாகிப் பூட்டிக் கிடந்தால் மூன்று பேரும் எங்கே என்று தேடத் தொடங்குவார்கள். தேடினால் கிருலப்பனை தூரமில்லை. அந்த அதிகாரி தாளை இன்னும் வைத்திருக்கிறாரோ என்ற நினைப்பும் என்னை விடவில்லை. ஒருவர் அங்கே இருந்து பதில் சொல்ல வேண்டும். அவர்கள் போகும்போது, இனிமேல் ஜீப்பை இந்த ஒழுங்கைக்குக் கொண்டுவர வேண்டாம் என்றேன்.

அதற்குப் பிறகு எனக்குக் காலையில் கீழே இறங்க ஒரு அலுவலும் இல்லாமல் போனது. மகள் ஞாயிறுகளில் வருவாள். மற்ற நாட்களில் பாண்காரனுக்குப் பையை இறக்குவேன், இழுத்து எடுப்பேன். யன்னல் சீலைக்குப் பின்னால் அவர் நின்ற இடத்தில் நின்றால் கடலில் ஒரு துண்டு தெரியும், தண்டவாளம் தெரியும். அங்கே நின்று ஒருவர் நாள் முழுக்க எதைப் பார்த்தார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

அவர்கள் வந்தார்கள். நான் எதிர்பார்த்ததுபோலவே வந்தார்கள், பிற்பகலில், நாலு பேர். படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டபோது நான் எழும்பிச் சீலையை மாற்றிக்கொண்டு, தட்டுவதற்கு முன்னரே கதவைத் திறந்தேன். முன்னால் நின்றவர் கையிலிருந்த கடதாசியைப் பார்த்து, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்.

"மம விதறய்" என்றேன். நான் மட்டும்தான். அந்தச் சிங்களத்தைப் பொலிஸ்காரப் பெடியனிடம் கேட்டுப் பாடமாக்கி வைத்திருந்தேன்.

மகளும் மருமகனும் எங்கே என்று கேட்டார். வேலை கிடைத்துப் போய்விட்டார்கள், எங்கே என்று எனக்குச் சொல்லவில்லை, கிழவியை விட்டுவிட்டார்கள் என்று தமிழில் சொன்னேன். ஒருவர் அதைச் சிங்களத்தில் சொன்னார். கேட்டவர் என்னை இரக்கமாகப் பார்த்தார். அந்தப் பார்வைதான் எனக்குப் பொறுக்கவில்லை, ஆனால் பொறுத்தேன். அவர்கள் கட்டிலுக்குக் கீழே பார்த்தார்கள், அலுமாரியைத் திறந்தார்கள், குசினிச் சீலையை விலக்கினார்கள். பிறகு கடதாசியில் இரண்டு பெயரை வெட்டினார்கள்.

என் பெயரை விட்டுவிட்டார்கள். அதனால் அடுத்த தடவையும் வந்தார்கள், அதற்கு அடுத்த தடவையும் வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் நான் அங்கே இருந்தேன். சண்டை முடிந்து பாதை திறந்த பிறகுதான் அந்தப் படியால் பெட்டியோடு இறங்கினேன்.